செய்யூர் உப்பு... சார்ஜென்ட் பெப்பர்!

உங்க தட்டுல உப்பு இருக்கா?

ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்திக் கேட்கலை பாஸ். அதில் உப்பு இருந்தால் காரம் இருக்காது, ரெண்டும் இருந்தால் பருப்பு இருக்காது. அது உலகம் அறிந்த சோகம். நான் கேட்பது பாட்டுத் தட்டு. எல்.பி. ரெக்கார்டு!

'அதெல்லாம் தாத்தா காலத்து ஐட்டமாச்சே'ன்னு உதட்டைப் பிதுக்கறவங்களுக்கு ஒரு சின்ன கணக்கு. 2022-ல் அமெரிக்காவில் விற்ற வினைல் தட்டுகள் சுமார் 4 கோடியே 10 லட்சம். சி.டி.க்கள் சுமார் 3 கோடியே 30 லட்சம். 1987-க்கு அப்புறம் எண்ணிக்கையில் தட்டு சி.டி.யை ஓவர்டேக் பண்ணியது அந்த வருஷம்தான். பீட்டில்ஸ், பிங்க் ஃப்ளாயிட், லெட் செப்பலின்னு பிரிட்டிஷ் ராக் குழுக்களின் பழைய ஆல்பங்கள் எல்லாம் புதுசாக அச்சாகி மறுபடி கடைக்கு வந்துவிட்டன.

அப்படி ஒரு தட்டைப் பார்க்க நான் போன ஊர் லண்டனும் இல்லை, லிவர்பூலும் இல்லை. செங்கல்பட்டு மாவட்டம், செய்யூர்!

என்கூடப் படித்த நண்பனுக்கு அதுதான் சொந்த ஊர். லண்டனில் வேலை பார்க்கும் அவன் அண்ணன், பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பத்தை வாங்கி வந்திருந்தார். 1967-ல் வெளியான ஆல்பம். 2014-ல் பீட்டில்ஸின் மோனோ தட்டுகளை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது வந்த காப்பி. "மச்சி, எங்க ஊருக்கு வா. உப்பையும் பெப்பரையும் ஒரே இடத்துல காட்டுறேன்" என்றான். காமெடி பண்றான்னுதான் நினைச்சேன். போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, பையன் சீரியஸாகத்தான் சொல்லியிருக்கிறான்.

எப்படிப் போறது?

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். பைக் இருந்தால் ஈ.சி.ஆர். வழியாக விடுங்க. எல்லாரும் மாமல்லபுரத்தில் வண்டியை நிறுத்தி, வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்குவது மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்க திரும்பாதீங்க. கல்பாக்கத்தைத் தாண்டினால் பாலாற்றுப் பாலம். ஆற்றில் தண்ணீர் ஓடினால் நீங்க அதிர்ஷ்டசாலி. வெறும் மணல் தெரிந்தால் கவலைப்படாதீங்க, பாலாறு பெரும்பாலும் அப்படித்தான். அப்புறம் கூவத்தூர். ஆமாம், 2017-ல் எம்.எல்.ஏ.க்கள் ரிசார்ட்டில் தங்கினார்களே, அதே கூவத்தூர்! அதைத் தாண்டினால் இடது பக்கம் கடல், நடுநடுவே உப்பங்கழி. முதலியார்குப்பத்தில் சுற்றுலாத் துறையின் படகு குழாம் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் ஈ.சி.ஆரை விட்டு மேற்கே கொஞ்ச தூரம் போனால் செய்யூர். பைக் இல்லாத கோஷ்டி மதுராந்தகம் வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கலாம்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கந்தசாமி கோயில். அருணகிரிநாதர் பாடிய தலம். இங்கே ஒரு விசேஷம்... 27 நட்சத்திரங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாக 27 வேதாளங்கள் கோயிலைச் சுற்றி நிற்கின்றன! உங்க நட்சத்திரத்துக்கு எந்த வேதாளம்னு விசாரிச்சு, ஒரு ஹாய் சொல்லிட்டு வாங்க. செமஸ்டர் நேரத்தில் உதவும்.

பாட்டுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் சம்ஸ்கிருதத்திலும் தெலுங்கிலும் கீர்த்தனைகளாக எழுதித் தள்ளிய செங்கல்வராய சாஸ்திரி இந்த ஊர்க்காரர். பேருக்கு முன்னாலேயே 'செய்யூர்' ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தியாவில் முதன்முதலாகப் பாட்டைத் தட்டில் பதிவு செய்ய வெள்ளைக்காரர்கள் மெஷினோடு கல்கத்தாவுக்கு வந்திறங்கியது 1902-ல். சாஸ்திரியின் காலம் அதற்கு முந்தியது. அவர் பாட்டு மிஞ்சியது. குரல் மிஞ்சவில்லை. தட்டு என்பது எவ்வளவு பெரிய விஷயம்னு இந்த இடத்தில் கொஞ்சம் யோசிச்சுக்கோங்க.

மாமாவும் முள்ளும்

நண்பனின் மாமா அந்தக் காலத்து 'சவுண்ட் சர்வீஸ்' ஆள். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, ஆடித் திருவிழா எல்லாவற்றுக்கும் கூம்பு ஸ்பீக்கர் கட்டித் தட்டு போட்டவர். வீட்டுப் பரணில் இன்னமும் ஒரு ரெக்கார்டு பிளேயரும், ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தட்டுகளும் வைத்திருக்கிறார். ஆசையாக பீட்டில்ஸை நீட்டினோம். வாங்கி, விளிம்பை மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"என் மெஷின்ல போட வேணாம் தம்பி. என் முள்ளு உங்க தட்டைத் தின்னுடும்!"

கல்யாணப் பந்தலில் தேய்ந்த முள்ளுங்க அது! நல்லவேளை, நண்பன் ஒரு சின்ன பிளேயரும் வாங்கி வைத்திருந்தான்.

மாமா பெட்டியிலிருந்து ஒரு பழைய 78 ஆர்.பி.எம். தட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். சும்மா கனம்! "கீழ போட்டா சுக்குநூறு. இது அரக்குத் தட்டு" என்றார். ஆமாங்க, அந்தக் காலத்துத் தட்டுகளில் முக்கியமான சரக்கு அரக்குதான். நம்ம நாட்டுக் காடுகளில் மரக்கிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின். உலகம் முழுக்கப் பாட்டுக் கேட்டவர்கள், தெரிந்தோ தெரியாமலோ இந்தியப் பூச்சிக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வர, அமெரிக்க ராணுவம் தன் சிப்பாய்களுக்கு வினைலில் தட்டு அடித்தது. 1948-ல் கொலம்பியா நிறுவனம் வினைலில் எல்.பி.யைக் கொண்டுவந்தது. அத்தோடு அரக்கின் ஆட்டம் மெல்ல முடிந்தது.

"இது மோனோவா? அப்ப நம்ம ஜாதி!" என்று மாமா சிரித்தார். நாலு மூலையில் நாலு கூம்பு கட்டினாலும் நாலிலும் ஒரே சத்தம்தானே! இதில் அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. 1967-ல் பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தது மோனோ மிக்ஸைத்தான். ஸ்டீரியோவை ஸ்டூடியோ ஆட்களே சில நாளில் முடித்துவிட்டார்கள். அதனால்தான் மோனோ மறுபதிப்புக்கு ரசிகர்கள் அப்படி அடித்துக்கொண்டார்கள்.

அட்டையில் ஒரு ஆள் குறையுது

'சார்ஜென்ட் பெப்பர்' என்ற பேர் எப்படி வந்தது தெரியுமா? 1966 நவம்பரில் பால் மெக்கார்ட்னி கென்யாவிலிருந்து விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். கூட வந்த உதவியாளர் மால் எவன்ஸ் சாப்பாட்டு நேரத்தில் 'சால்ட் அண்ட் பெப்பர்' என்று சொல்ல, பால் காதில் அது 'சார்ஜென்ட் பெப்பர்' என்று விழுந்ததாம். இது பாலே சொன்ன கதை. ஆக, உலகத்தின் மிகப் பிரபலமான ஆல்பத்தின் பேரில் உப்புதான் காணாமல் போயிருக்கிறது!

இப்போ அட்டையைப் பாருங்க. ஐம்பதுக்கும் மேற்பட்ட முகங்கள். மர்லின் மன்றோ, கார்ல் மார்க்ஸ், ஐன்ஸ்டைன்... கந்தசாமி கோயில் வேதாளங்கள் மாதிரி ஒரே கூட்டம். நம்ம ஆட்களும் உண்டு. ஜார்ஜ் ஹாரிசன் தேர்ந்தெடுத்த நாலு இந்திய யோகிகள். அதில் ஒருவர் மகாவதார் பாபாஜி. ரஜினியின் 'பாபா' (2002) படத்தில் வருகிறாரே, அவரேதான்! முன்வரிசையில் ஒரு சின்ன லட்சுமி பொம்மை.

இருக்க வேண்டிய ஒருத்தர் மட்டும் இல்லை. காந்தி! போட்டோ எடுத்தபோது அவர் படமும் அந்தக் கூட்டத்தில் நின்றது. ஈ.எம்.ஐ. கம்பெனியின் தலைவர் ஜோசப் லாக்வுட் பார்த்துப் பதறிவிட்டார். காந்தியை இப்படிப் போட்டால் இந்தியாவில் பிரச்னை வரும், தட்டு விற்காது என்று பயம். கல்கத்தா டம்டமில் அவர்களுக்குப் பெரிய தட்டு ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம் அது. காந்தியை எடுத்துவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் இப்போ தெரிவது வெறும் இலைகள்.

உப்புக்காக 1930-ல் தண்டிக்கு நடந்த மனுஷனை, 'உப்பும் மிளகும்' என்ற பேச்சில் பிறந்த ஆல்பத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். இதுவரைக்கும் இது ஒரு வேடிக்கையான தகவல், அவ்வளவுதான். மறுநாள் காலையில் உப்பளத்தில் நிற்கும்போதுதான் சுருக்கென்றது.

ஆயாவின் உப்பளம்

காலை ஆறு மணி. நண்பனின் ஆயா எங்களைக் கூட்டிக்கொண்டு கழிப் பக்கம் நடந்தார். நாற்பது வருஷம் உப்பளத்தில் வேலை செய்தவர். முட்டி தேய்ந்ததால் இப்போ போவதில்லை.

சதுரம் சதுரமாகப் பாத்திகள். கழியிலிருந்து வரும் உப்புத் தண்ணீரை முதல் பாத்தியில் நிறுத்துகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி என்று மாற்றுகிறார்கள். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சமையல் உப்பு மட்டும் சுமார் 27 கிராம்தான். கடல்நீரின் அடர்த்தி மூணரை டிகிரி சொச்சம். அது 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கிறது. அதைப் பார்க்கக் கருவி இருக்கிறது. ஆயாவுக்கு அது தேவையில்லை. தண்ணீரை விரலால் தொட்டார். "இன்னும் ரெண்டு நாள் ஆவும்" என்றார். அவ்வளவுதான்.

பக்கத்துப் பாத்தியில் பெண்கள் நீளக் கைப்பிடி வைத்த பலகையால் உப்பை வாரி வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஏழரை மணிக்கே வெள்ளையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் குத்தியது. நான் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டேன். அங்கே வேலை செய்தவர்கள் யார் கண்ணிலும் கண்ணாடி இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"உப்பு லட்சுமிம்பாங்க. கால் படக்கூடாதும்பாங்க. நாங்க தெனம் அவ மேலதான நின்னோம்" என்றார் ஆயா. வருத்தமாகச் சொல்லவில்லை. சும்மா, சேதி மாதிரி சொன்னார். காலைப் பார்த்தேன். பாதம் முழுக்க வெடிப்பு.

இப்போ விஷயத்துக்கு வரேன். வினைல் என்பது பி.வி.சி. குடும்பம். உங்க வீட்டுத் தண்ணீர்க் குழாயின் ஒண்ணுவிட்ட தம்பி. அந்தப் பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல், அதாவது 57 சதவிகிதம், குளோரின். அந்தக் குளோரின் எங்கிருந்து வருது? உப்பிலிருந்து! உப்புக் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சிக் குளோரினைப் பிரிக்கிறார்கள். அதைப் பெட்ரோலியத்திலிருந்து வரும் எத்திலீனோடு சேர்த்துப் பி.வி.சி. செய்கிறார்கள். இந்த மறுபதிப்புத் தட்டின் எடை 180 கிராம். கெமிஸ்ட்ரி நோட்டை எடுத்து நீங்களே ரஃபாகக் கணக்குப் போடுங்க. ஒரு தட்டுக்குச் சுமார் 150 கிராம் உப்பு. அஞ்சாறு லிட்டர் கடல் தண்ணீர்!

செய்யூர் உப்புதான் பீட்டில்ஸ் தட்டானது என்று நான் ரீல் விடவில்லை. அந்தத் தட்டு ஜெர்மனியில் அச்சானது. ஆனால், நம்ம வேதாரண்யம் உப்பு மேட்டூர் ஆலைக்குப் போய்ப் பி.வி.சி. ஆகிறது என்பது நிஜம். அதே வேதாரண்யத்துக்குத்தான் 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்தே போய் உப்பு அள்ளினார்கள். சங்க காலத்தில் உமணர்கள் வண்டி கட்டி உப்பு விற்றதிலிருந்து இன்றைக்கு வரைக்கும், இந்தக் கடற்கரை உப்பு எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆகிறது. அதை வாரியவர் மட்டும் எந்த அட்டையிலும் வருவதில்லை.

எனக்குச் சுருக்கென்றது அங்கேதான். காந்தி ஒருவரைத்தான் எடுத்துவிட்டார்கள் என்று நேற்று நினைத்தேன். ஆயாவெல்லாம் அந்தக் கூட்டத்தில் முதலிலிருந்தே கிடையாது.

தட்டை ஆயா கையில் கொடுத்து, "ஆயா, இது பாதிக்கு மேல உப்புலேர்ந்து வந்தது" என்றான் பேரன். ஆயா தடவிப் பார்த்தார். அவர் கேட்ட கேள்வி இதுதான்.

"அப்ப மழையில நனைஞ்சா கரைஞ்சிடுமா?"

"கரையாது ஆயா. இருநூறு வருஷம் மண்ணுல கிடந்தாலும் இப்படியேதான் இருக்கும்."

ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு கோடை மழை போதும் கண்ணு, ஒரு மாசம் வாரினது ராத்திரியோட போயிடும். கரையாத உப்பா? நல்லா இருக்கே!" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அட்டையில் இருந்த லட்சுமி பொம்மையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முள்ளைத் தூக்குங்க!

சாயங்காலம் திண்ணையில் பிளேயரை வைத்தோம். மாமாதான் முள்ளை இறக்கினார். அந்தக் கை நடுங்கவில்லை. சித்தார் மாதிரி நம்ம ஊர் வாத்தியங்கள் ஒலிக்கும் ஜார்ஜ் ஹாரிசன் பாட்டு வந்தபோது, மாமா தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். ஃபார்வர்டு பட்டன் இல்லை. பிடிக்காத பாட்டையும் கேட்டே ஆகணும். பாதியில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பியே ஆகணும். நாற்பது நிமிஷம் அந்தத் திண்ணையை விட்டு யாரும் நகரவில்லை. ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. கடைசியாக நாலு பேர் சேர்ந்து எப்போ இப்படி உட்கார்ந்தீங்க? யோசிச்சுப் பாருங்க.

கடைசிப் பாட்டின் முடிவில், பல பியானோக்களை ஒரே நேரத்தில் அடித்த சத்தம் முக்கால் நிமிஷம் தேய்ந்து தேய்ந்து அடங்குகிறது. அதுக்கப்புறம்தான் வேடிக்கை. பீட்டில்ஸ் ஒரு குறும்பு பண்ணியிருக்கிறார்கள். 15 ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒரு கீச்சுச் சத்தம், நாய்களுக்காக! எனக்கும் நண்பனுக்கும் மெல்லிசாகக் கேட்டது. வாசலில் படுத்திருந்த நாய் காதைத் தூக்கியது. மாமா மட்டும், "என்ன தம்பி, தட்டு முடிஞ்சிடுச்சா?" என்றார். வயசு ஏற ஏறக் காது முதலில் இழப்பது மேல்ஸ்தாயிச் சத்தங்களைத்தான். அவர் காது கூம்பு ஸ்பீக்கரோடு குடும்பம் நடத்திய காது வேறு. உங்களுக்கு இப்போ கேட்கும். ஹெட்செட்டில் வால்யூமை முழுசாக வைத்தால் ரொம்ப நாள் கேட்காது. சொல்லிட்டேன்!

அதற்கடுத்து, தட்டின் கடைசிப் பள்ளத்தில் அர்த்தமில்லாத ஒரு பேச்சு. அந்தப் பள்ளம் வட்டமாக மூடியிருப்பதால், சொன்னதையே சொல்லிக்கொண்டு சுற்றுகிறது. சி.டி.யில் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். தட்டில், யாராவது எழுந்துபோய் முள்ளைத் தூக்கும் வரைக்கும் நிற்காது.

"இன்னாடா இது, சொன்னதையே சொல்லிக்கினு கீது?" என்று ஆயா உள்ளேயிருந்து வந்தார். விளக்கினோம். "அட, உப்பு வார்றது மாதிரி! மழை வந்து நிறுத்துற வரைக்கும் நிக்காது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். மாமா முள்ளைத் தூக்கினார்.

சரி, நீங்க என்ன பண்ணணும்? பீட்டில்ஸ் தட்டுக்குக் காசு சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யூர் வரைக்கும் போயிட்டு வாங்க. பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டு வரைக்கும் உப்பு சீசன். ஐப்பசி மழையில் போனால் பாத்தியெல்லாம் குளமாக இருக்கும், வேலையும் இருக்காது, கூலியும் இருக்காது. விடியற்காலையில் போங்க. வரப்பில் மட்டும் நடங்க, பாத்தியில் கால் வைக்காதீங்க. யாரையும் கேட்காமல் செல்போனில் படம் பிடிக்காதீங்க. முடிந்தால் ஒரு பிடி உப்பை வாங்கி வாயில் போட்டுப் பாருங்க.

திரும்பி வந்து மெஸ்ஸில் தட்டை நீட்டும்போது, 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று ஸ்கூலில் காப்பி நோட்டில் எழுதினோமே, அது ஞாபகம் வரும். எனக்கு வந்தது. கூடவே வெடித்த பாதம் ரெண்டும்.